பழைய ஜிப்ஸி: கோளாறிலிருந்து காரணத்துக்கு

மாருதியின் நான்கு சக்கர ஓட்ட வண்டியான ஜிப்ஸியைப் பழையதாக வாங்கியவர் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம்?", அதாவது வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் பேரிங் எப்போது மாற்றினீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது.

1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்த வண்டி. 1996-இல் 1298 சிசி எஞ்சினோடு ஜிப்ஸி கிங் ஆனது, 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை) வந்தது, 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனையே நின்றது. ஆகவே எவ்வளவு "புது" ஜிப்ஸியாக இருந்தாலும் அதன் ரப்பரும் ஆயில் சீலும் வயதானவை. லிஃப்ட், பெரிய டயர், வின்ச் (இழுவை எந்திரம்) என்று மேலே மேலே போடுவது இந்தத் தேய்மானத்தின் மீதுதான். போட்டபின் வரும் கோளாறுக்குப் புதுச் சாமானைத் திட்டுவோம். காரணம் பழைய சாமானில் இருக்கும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் அது எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில், ஏற்றத்திலா சமதளத்திலா, காலையிலா சூடான பிறகா, இரு சக்கர ஓட்டத்திலா நான்கு சக்கர ஓட்டத்திலா. இந்த விவரத்தோடு பட்டறைக்குப் போனால் தேவையில்லாமல் மாற்றும் சாமான் குறையும்.

50, 60 கிலோமீட்டரில் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடுகிறது

ஜிப்ஸிக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் கோளாறு இது. சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கும், அப்புறம் முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக உதறும், வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். உடனே கடையில் ஸ்டியரிங் டேம்பர் போடச் சொல்வார்கள். டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், காரணத்தைத் தொடாது. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் செலவில்லாத வேலை. நான்கு டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா பாருங்கள். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஆட்டம் குறைந்தாலோ குணம் மாறினாலோ கோளாறு டயரில் அல்லது பேலன்ஸில். மாறவே இல்லையென்றால் மேலே போகலாம்.

வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை அளவுக்கு இடமும் வலமும் வேகமாக அசைக்க வேண்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு டை ராட் எண்ட் (சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) மீதும் விரலை வையுங்கள். பாதி விரல் ராடிலும் பாதி விரல் அது சேரும் ஸ்டியரிங் ஆர்மிலும் படும்படி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ப்ளே, அதாவது தளர்வுகூட விரலில் தட்டும். தட்டுகிற எண்டை மாற்றுங்கள். ஸ்டியரிங் பாக்ஸை சேஸியோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் இப்போதே ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள்; அவை தளர்ந்திருந்தால் பாக்ஸே அசைவது தெரியும்.

அடுத்து முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங். பிரேக் மிதித்தும் ஆட்டம் இருந்தால் கிங் பின். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஒன்றாகிவிடுவதால் வீல் பேரிங்கின் ப்ளே மறைந்துவிடுகிறது. மிச்சம் தெரிவது நக்கிளுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் உள்ளது.

கிங் பின்னில் மேலும் கீழும் ஒவ்வொரு சின்ன டேப்பர் பேரிங், மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள். பேரிங் நல்லதாக இருந்தால் ஷிம் எடுத்து இறுக்கலாம். எடுப்பதை மேலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால்தான் நக்கிள் நடுவில் நிற்கும். பேரிங் ஓட்டத்தில் குழி விழுந்திருந்தால் ஷிம் வேலை வீண். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் திருப்புவது. நேர்நிலையில் வரும்போது "டக்" என்று ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பேரிங் முடிந்தது. வருடக்கணக்கில் நேராக ஓடி, அந்த ஒரே இடத்தில் அடி வாங்கிய தழும்பு அது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை, வண்டியில் நீள ஷாக்கிள் (ஸ்பிரிங் பட்டையைச் சேஸியோடு சேர்க்கும் இணைப்பு) போட்டிருக்கிறார்கள் என்றால் காஸ்டர் கோணம், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்திருக்கும். ஜிப்ஸியில் முன் பட்டையின் ஷாக்கிள் முன்பக்கம் இருப்பதால், ஷாக்கிள் நீளமானால் ஆக்ஸில் முன்பக்கம் குனிந்துகொள்கிறது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் சாய்வு வெட்ஜ் வைத்துக் கோணத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம். என்னைக் கேட்டால், ஷாக்கிளைப் பழைய அளவுக்கு மாற்றிவிட்டு, உயரம் வேண்டுமென்றால் சரியான வளைவு உள்ள பட்டை செட் வாங்குவது மேல்.

முன்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வடிகிறது

நக்கிள் உருண்டையைத் துடைத்துவிட்டு விரலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியான கருப்பு கிரீஸ் என்றால் வெளி வைப்பர் சீல் தேய்ந்தது, அவசரமில்லை. தண்ணீர்போல ஒழுகி, கியர் ஆயில் வாடை அடித்தால் உள்ளே ஆக்ஸில் சீல் போய், கிரவுன் (ஆக்ஸில் நடுவிலுள்ள கியர் உருண்டை) ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கிறது. இது அவசரம். கரைந்த கிரீஸ் டிஸ்க்கில் பட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், உள்ளே இருக்கும் சிவி ஜாயின்ட்டும் கிரீஸ் இல்லாமல் தேயும். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது நான்கு சக்கர ஓட்டத்தில் "டிக் டிக்" என்று கேட்டால் ஜாயின்ட் அடிபட்டுவிட்டது.

சீல் வாங்குமுன் ஆக்ஸில் மேலுள்ள பிரீதரை (உள்காற்று போய்வரும் சிறு வழி) கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சேறு அடைத்த பிரீதரால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலைக்கூடத் தாண்டி ஆயில் வெளியே வரும். பிரீதர் அடைத்தபடியே புது சீல் போட்டால் அதுவும் சில மாதத்தில் ஒழுகும்.

கிளம்பும்போது கடக், ஓடும்போது அதிர்வு

ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் பலத்தை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) கியர் பாக்ஸோடு ஒட்டியது அல்ல, தனியாகத் தொங்குவது. அதனால் வண்டியில் மூன்று ஷாஃப்ட்: நடுவில் குட்டையாக ஒன்று, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. மூன்றிலும் கிராஸ் எனப்படும் சிலுவை வடிவ மூட்டு உண்டு. கிராஸ் மூடிகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து துருப்பிடித்து அரைபடுகிறது என்று அர்த்தம். கையால் முறுக்கிப் பார்க்கத் தேவையே இல்லை, அந்தத் தூளே போதும்.

எந்த ஷாஃப்ட் என்று பிடிக்க: அதிர்வு வரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். அதிர்வு தொடர்ந்தால் எஞ்சினோ கிளட்சோ இல்லை, சக்கரம் அல்லது ஷாஃப்ட். பின் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு 4 ஹையில் (நான்கு சக்கர ஓட்டத்தின் சாதாரண வேக நிலை) முன் ஆக்ஸிலில் மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பின் ஷாஃப்ட் குற்றவாளியா என்று தெரிந்துவிடும். காட்டுக்குள் பின் கிராஸ் உடைந்தாலும் வீடு வந்து சேரும் வழி இதுதான்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் ஒரு வேலை: இரண்டு பாதிகள் ஸ்பிளைனில் (பல்வெட்டு) சேரும் இடத்திலும் ஃபிளாஞ்ச் இரண்டிலும் பெயின்ட் பேனாவால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால்கூட முன்பின் கவைகள் ஒரே தளத்தில் நிற்காது; புது கிராஸ் போட்டும் அதிர்வு முன்னைவிட மோசமாகும். "கிராஸ் மாற்றினேன், இன்னும் ஆடுது" என்று வரும் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான்.

ஏற்றத்தில் 4 லோ (மெது வேக, அதிக இழுவை நிலை) லீவர் துள்ளி வெளியே வந்துவிடுகிறது

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். முதலில் கீழே விரித்திருக்கும் மேட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தடித்த மேட் அல்லது சத்தத்துக்கு ஒட்டிய ஃபோம் லீவரை முழுதாக விழ விடாமல் தடுக்கும். அதுவும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தால் ஏற்றத்தில் சுமை விழும்போது கேஸ் முழுவதும் முறுக்கிக்கொள்ளும், லீவர் தரையில் முட்டி கியர் கழன்றுவிடும். மவுண்ட் செட் மாற்றினால் தீர்ந்துவிடும் வண்டிகள் நிறைய. அதற்கும் அடங்கவில்லையென்றால்தான் உள்ளே ஃபோர்க், ஸ்பிரிங் என்று போக வேண்டும்.

இதற்கு எதிர்மாறாக லீவர் 4 ஹையிலிருந்து வரவே மாட்டேன் என்று மாட்டிக்கொண்டால், அது கோளாறே இல்லை. முன், பின் ஆக்ஸில்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைத் தார் ரோட்டில் நான்கு சக்கரத்தில் ஓட்டியதால் முறுக்கு ஏறியிருக்கிறது. சில அடி நேராக ரிவர்ஸ் எடுத்தால் கழன்றுவிடும்.

சூடு ஏறுகிறது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது மட்டும் ஏறுகிறதா, நெடுஞ்சாலையில் 80-இல் ஏறுகிறதா? விடை இந்தக் கேள்வியிலேயே பாதி இருக்கிறது. மெதுவாகப் போகும்போது ஏறினால் காற்று போதவில்லை, அதாவது ஃபேன். வேகத்தில் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அதாவது ரேடியேட்டர் அடைப்பு.

ஃபேன் பிசுபிசுப்பு கப்ளிங்கில் ஓடுவது. எஞ்சின் நன்கு சூடானதும் அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து நிற்க வேண்டும். காற்றாடியாகத் தாராளமாகச் சுற்றினால் கப்ளிங் செத்துவிட்டது. ரேடியேட்டர் துடுப்புகளில் காய்ந்த சேற்றை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய தண்ணீர் ஓட்டத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேரே பிடித்தால் துடுப்பு மடங்கிப்போகும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். எம்பிஎஃப்ஐ வண்டியில் அது இரட்டைக் கேடு. எஞ்சின் குளிர்ந்தே இருப்பதாகக் கணினி நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும். திரும்பப் போடுங்கள்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம், பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

முன்னால் நான்கு பெரிய விளக்கும் வின்ச்சும் பூட்டிவிட்டு "முன்னெல்லாம் ஏறாது, இப்போ ஏறுது" என்பவருக்கு: ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியை நீங்களே அடைத்திருக்கிறீர்கள்.

லடாக் கணவாய்களில் மட்டும் வரும் தொல்லைகள்

கர்துங் லா போன்ற 5,300 மீட்டரை ஒட்டிய உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எஞ்சின் பலமும் அந்த அளவுக்குச் சரியும். கார்புரேட்டர் வண்டியில் கலவை பெட்ரோல் மிகுந்து கருப்புப் புகை வரும், ஐடிலில் திணறி நிற்கும். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, ஐடில் ஸ்க்ரூவை லேசாகச் சரிசெய்து ஓட்டுங்கள். இறங்கியதும் பழைய நிலைக்கு மறக்காமல் திருப்புங்கள். எம்பிஎஃப்ஐ தானே சரிசெய்துகொள்ளும். அதிலும் புகை வந்தால் காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் வேக்வம் குழாய் வெடித்திருக்கிறதா பாருங்கள். வளைவில் முதல் கியர் இழுக்காவிட்டால் 4 லோவுக்குப் போங்கள், அது அங்கே வெட்கப்படும் விஷயமே இல்லை.

இங்கே ஆளை ஏமாற்றுவது ரேடியேட்டர் மூடி. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வழக்கமாக ஓடும் சூடே அதைவிட அதிகம். மூடி 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் கொதிநிலை 110-ஐ ஒட்டி நிற்கும், பிரச்சினை இல்லை. மூடியின் ரப்பர் வெடித்துப்போயிருந்தால், சென்னையிலிருந்து மணாலி வரை ஒரு குறையும் சொல்லாத வண்டி, மேலே ஏறியதும் கக்கும். ஊரில் கிளம்புமுன் புது மூடி ஒன்று மாற்றி, இன்னொன்றை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். வெறும் தண்ணீர் அங்கே இரவில் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும். கூலன்ட்டும் வடிதண்ணீரும் பாதிக்குப் பாதி.

சாவி திருப்பினால் "டிக்" மட்டும், செல்ஃப் எடுக்கவில்லை

பேட்டரி நன்றாக இருந்தும் விட்டுவிட்டு வரும் கோளாறு. எஞ்சினிலிருந்து சேஸிக்கும் பேட்டரிக்கும் போகும் எர்த் வயர்களின் முனையை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். பிறகும் வந்தால், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் மெல்லிய வயர் முனைக்கு ஒரு துண்டு வயரால் தொடுங்கள். உடனே சுற்றினால் மோட்டார் நல்லதுதான். சாவி சுவிட்ச் வழியாகச் சுற்றிவரும் பழைய வயரில் வோல்டேஜ் இறங்குகிறது. ஒரு 30 ஆம்ப் ரிலே போட்டு, சாவியிலிருந்து வரும் வயர் ரிலேவை மட்டும் இயக்கும்படி செய்தால் ஆயுசுக்கும் தொல்லை தீர்ந்தது. பலர் இதற்குப் புது செல்ஃப் மோட்டாரே வாங்கிவிடுகிறார்கள்.

காலையில் வண்டியைச் சுற்றி பெட்ரோல் வாடை

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகளின் பழைய ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ஊறி, மெத்தென்று ஆகி, வெடிக்கும். எஞ்சின் அறையில் தெரியும் ஹோஸை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், டேங்க்கின் மேல்பக்கம் ஒளிந்திருப்பவைதான் முதலில் போகும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் பாதி டேங்க் வைத்திருக்காதீர்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும், அந்தத் துரு ஃபில்டருக்கு வரும்.

பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது

பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் பாருங்கள், பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். லிஃப்ட் போட்ட வண்டியென்றால் பின் ஆக்ஸிலோடு இணைந்த சுமை வால்வையும் பாருங்கள். வண்டி உயர்ந்ததும் பின்னால் சுமையே இல்லை என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

பெரிய டயர் போட்ட பிறகு வண்டி சோம்பேறியாகிவிட்டது

கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர். எல்லோரும் போடும் 235/75 ஆர்15-இன் விட்டம் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரியது, அதாவது எல்லா கியரும் 10 சதவீதம் நீண்டுவிட்டது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். ஐந்தாம் கியர் சமதளத்தில்கூட இழுக்காது, ஏற்றத்தில் கிளட்ச் வாடை வரும், மேலே சொன்ன கிங் பின் ஆட்டமும் சீக்கிரம் வந்து சேரும். 1,000 கிலோவை ஒட்டிய இந்த வண்டியின் பலமே லேசாக இருப்பதுதான். சேற்றில் சிக்குவதற்குப் பெரிய டயரைவிட, உள்ள டயரில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குவது நன்றாக வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற ஒரு சிறிய கம்ப்ரஸர் போதும்.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்ற முடியாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரும்பு பம்பர்களுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது இவை எல்லாம் வரிசையாகக் கேள்வியாக வரும். கழற்றி மாட்டக்கூடிய மாற்றங்களையே செய்யுங்கள், கழற்றிய ஒரிஜினல் சாமானைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

ஆற்றைக் கடந்து வந்த மறுநாள்

கோளாறு எதுவும் தெரியாது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். சூடான கிரவுன் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். முன் கிரவுன், பின் கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் நான்கின் லெவல் போல்ட்டையும் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அன்றே வடித்துப் புதிது ஊற்றுங்கள்; கிரவுனுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-5. ஒரு வாரம் விட்டால் பேரிங்கில் துருப்புள்ளி விழும், அது ஆறு மாதம் கழித்து ஊளைச் சத்தமாக வரும். நான்கு பிரீதருக்கும் ரப்பர் குழாய் போட்டு எஞ்சின் அறையின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடலாம். பழைய ஜிப்ஸிக்குச் செய்யும் மாடிஃபிகேஷன்களில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், சில நூறு ரூபாயில் ஒரு மதிய வேலை.